மாதுளைக் குச்சியிலிருந்து மரம் வளர்த்தல்

விதையிலிருந்து முளைக்கும் மாதுளை தாய்மரத்தின் பழத்தையே தரும் என்பதற்கு உறுதியில்லை. குச்சியிலிருந்து வளர்வதோ இனிப்பிலும் நிறத்திலும் தாய்மரத்தையே கொண்டிருக்கும். அதன் நோயும் குச்சியோடு வந்துவிடும் என்பதால், இலையிலோ காயிலோ எண்ணெய் படிந்தாற்போன்ற கரும்புள்ளிகள் உள்ள மரத்தை, அதன் பழம் எவ்வளவு சுவையாக இருந்தாலும், தவிர்த்துவிட வேண்டும். அது பாக்டீரியா கருகல் நோயின் அடையாளம்.

மதுரைப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் வரும் மார்கழியும் தையும் இதற்கு ஏற்ற மாதங்கள். சித்திரையில் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே குச்சி காய்ந்துவிடும். முருங்கைப் போத்தைப் போலக் கைப்பருமனான கிளையை நடுவது மாதுளைக்குப் பொருந்தாது. முற்றிய, ஏறத்தாழ ஓராண்டு வயதுடைய, பென்சில் பருமனுள்ள கிளையில் 20 முதல் 25 செ.மீ. நீளத்துக்கு, நான்கைந்து கணுக்கள் இருக்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டினால், எது தலை, எது கால் என்ற குழப்பம் வராது. தலைகீழாக நட்ட குச்சி பெரும்பாலும் பிழைப்பதில்லை. இலைகளையும் முட்களையும் நீக்கிவிடலாம். உரக்கடையில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடியில் அடிப்பகுதியைத் தோய்த்து நடுவது நல்லது. தேன், கற்றாழைச் சாறு என்று பலர் சொல்வதுண்டு. என் மதிப்பில் அவை பொடிக்கு ஈடாகா.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சமமாகக் கலந்து, அடியில் துளையுள்ள பையில் நிரப்பினால் போதும். ஆற்று மணல் அரிதாகிவிட்ட இந்நாளில் எம்-சாண்டைப் பயன்படுத்துவோர், அதன் மாவுப் பொடி நீர் வடிவதைத் தடுக்கும் என்பதால், இருமுறை கழுவிச் சேர்க்க வேண்டும். குச்சியின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு, சுற்றிலும் மண்ணை அழுத்தி, வெயில் நேரடியாக விழாத இடத்தில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டுமே தவிர, நீர் தேங்கக்கூடாது.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். சில வாரங்களில் தளிர் விட்டதும் வேர் பிடித்துவிட்டது என்று எண்ணி வெயிலுக்கு மாற்றிவிடுகிறார்கள். அத்தளிர் குச்சியில் சேமிக்கப்பட்டிருந்த உணவைக் கொண்டே எழுந்திருக்கலாம். வேர் இன்னும் உருவாகாத நிலையில் வெயில் பட்டால் அது வாடிவிடும். இழுத்துப் பார்ப்பதும் இளவேரை அறுத்துவிடும். இரண்டு மாதம் பொறுத்து, பையின் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறதா என்று கவனிப்பதே சரியான சோதனை.

வேர் தெரிந்தபின் காலை வெயிலுக்கு மட்டும் பழக்கி, கோடையைப் பாதி நிழலிலேயே கழிக்கவிட்டு, புரட்டாசி வாக்கில் முழு வெயில் கிடைக்கும் இடத்தில் தரையில் நடலாம். மாடியில் வளர்ப்பவர்களுக்குப் பெரிய தொட்டி தேவைப்படும். முதலாண்டில் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள்; காய்க்க விடுவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். காய்க்கும் பருவத்தில் சில நாள் காயவிட்டு ஒரேயடியாக நீர் ஊற்றினால் பழம் வெடிக்கும் என்பதால், பாசனத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.