வகுப்பு முழுக்கத் தோட்டக்காரர்கள்: ஆங்கில எழுத்து வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருவரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நான்காம் வகுப்பு. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அவர் கரும்பலகையில் ‘மை ஹாபி’ என்று தலைப்பிட்டதுமே அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஆடிய அதே கூத்து.

பிள்ளைகளைக் கேலி செய்யாதீர்கள், எழுத்துப்பிழைக்கு நூறு தடவை இம்போசிஷன் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்வதால் தவறு என்றே தோன்றாத சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

மாதிரிப் பத்தியைப் பலகையிலேயே விட்டுவைப்பது

‘மை ஹாபி ஈஸ் கார்டனிங். ஐ வாட்டர் தி பிளாண்ட்ஸ் எவ்ரி டே’ என்று தொடங்கி ஐந்து வாக்கியங்களை முத்து முத்தாக எழுதிப் போட்டேன். “இதே மாதிரி உங்களுக்குப் பிடித்ததைப் பற்றி எழுதுங்கள்” என்றேன். நோட்டுகள் வந்தன. முக்கால்வாசிப் பேர் தோட்டக்காரர்கள். வீட்டில் ஒரு பூந்தொட்டிகூட இல்லாதவர்களும் தினமும் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒருவன் மட்டும் தைரியமாக ‘கார்டனிங்’ இருந்த இடத்தில் ‘ரீடிங்’ என்று மாற்றிவிட்டு, அடுத்த வரியில் ‘ஐ வாட்டர் தி புக்ஸ்’ என்று போட்டிருந்தான்.

அன்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. பிழையே இல்லை, கையெழுத்தும் அழகு, அரை மணி நேரத்தில் திருத்தி முடித்துவிட்டேன். பெற்றோர் கூட்டத்தில் எடுத்துக் காட்டவும் வசதியாக இருந்தது.

அந்தத் தோட்டக்காரர்களில் ஒரு பையன் இடைவேளை முழுக்க மைதான ஓரத்தில் குந்தி எறும்புகளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு புற்றின் எறும்பை எடுத்து இன்னொரு புற்றின் வாசலில் விட்டால் அங்கிருப்பவை கடித்துத் துரத்தும் என்று இரண்டு மாதம் கழித்து என்னிடம் சொன்னான். எத்தனை தடவை அப்படி விட்டுப் பார்த்தான், எது தப்பித்தது என்று வரிசையாகச் சொன்னான். “இதை ஏன்டா அன்றைக்கு எழுதவில்லை?” என்று கேட்டேன். “எறும்பு ஹாபியில வராதே சார்” என்றான்.

இன்றுவரை உறுத்துகிற பதில் அது. பலகையில் இருந்த பத்தி அவனுக்கு ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எது எழுதத் தகுந்தது, எது தகாதது என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டது. இப்படி இரண்டு வருடம் பழகிய பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு என்றாலே அடுத்தவர் வாக்கியத்தை நகலெடுக்கும் இடம்தான். அந்தப் புதிய ஆசிரியை என் பேச்சைக் கேட்டு மறுநாள் பலகையை அழித்துவிட்டு எழுதச் சொன்னார். முன் வரிசையிலிருந்து வந்த முதல் கேள்வி: “எதைப் பார்த்து எழுதணும் மிஸ்?”

மாதிரியே கூடாது என்று சொல்லவில்லை. எழுதும் பொருளைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1980களில் அமெரிக்கக் கல்வியாளர் டொனால்ட் கிரேவ்ஸ் வலியுறுத்தினார். அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு “எதை வேண்டுமானாலும் எழுது” என்று வெற்றுத் தாளை நீட்டியும் பார்த்திருக்கிறேன். அழுகைதான் வந்தது. இப்போது நான் செய்வது இது: முதலில் பத்து நிமிடம் பேச்சு, தாய்மொழியிலும் பேசலாம். அப்புறம் என்னைப் பற்றியே நாலு வரி, பிள்ளைகளின் கண்ணெதிரே, அடித்துத் திருத்தி, வார்த்தை கிடைக்காமல் தலையைச் சொறிந்து எழுதுவேன். எழுதி முடித்ததும் அதை அழித்துவிடுவேன். பலகையில் மிச்சம் இருப்பவை அவர்கள் கேட்டு வாங்கிய சொற்கள் மட்டும். ஒரு தடவை ‘ஆண்டெனா’, ‘ஸ்க்ரூ’, ‘ஹைட்’ என்று மூன்றே சொற்கள் இருந்தன. அவை மூன்று வெவ்வேறு பிள்ளைகள் கேட்டவை.

எழுதத் திணறுகிறவர்களுக்கு ‘ஐ லைக் … பிகாஸ் …’ என்று பாதி வாக்கியம் கொடுக்கலாம். ‘பிகாஸ்’ என்பதற்குப் பிறகு வருவதைப் பிள்ளைதான் யோசித்தாக வேண்டும். ஒரே ஒரு பெயர்ச்சொல்லை மாற்றினால் வேலை முடிந்துவிடும் என்றால் நீங்கள் கொடுத்தது அச்சு.

“உன் ஆர்வம் என்ன?” என்று நேராகக் கேட்பது

எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரியவர்களின் கேள்வி. அதனால் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலே வரும்: புத்தகம் படிப்பது. “அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழாத மாதிரி நேற்று என்ன செய்துகொண்டிருந்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.

‘நான் ஒரு பறவையானால்’

கற்பனையைத் தூண்டும் தலைப்பு என்று நினைத்துக் கொடுக்கிறோம். இதை ஆங்கிலத்தில் எழுத ‘இஃப் ஐ வேர்’, ‘ஐ வுட்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் நிபந்தனை வடிவம் வேண்டும். பெரியவர்களே தடுமாறுகிற இடம் அது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாவது வரியில் மாட்டிக்கொள்கிறது, நாம் கற்பனை போதவில்லை என்கிறோம். தலைப்பை ‘நான் ஒரு பறவை. இப்போது காலை ஆறு மணி’ என்று மாற்றினால் போதும். நிகழ்காலத்திலேயே முழுக் கதையும் பறந்துவிடும்.

முதல் வரைவிலேயே சிவப்பு மை

‘கோ’ என்பதோடு ‘ஈடி’ சேர்த்து இறந்தகாலம் எழுதுகிற பிள்ளை விதியைப் பிடித்துவிட்டது, விலக்கைத்தான் இன்னும் பிடிக்கவில்லை. மொழியியலாளர் ஜீன் பெர்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வில் சிறு பிள்ளைகளுக்குப் பறவை மாதிரியான ஒரு கற்பனைப் பிராணியைக் காட்டி அதன் பெயர் ‘வக்’ என்று சொன்னார். இரண்டைக் காட்டியபோது அவர்களில் பலர் தாங்களாகவே பன்மை விகுதி சேர்த்துச் சொன்னார்கள். அதற்கு முன் எங்கும் கேட்டிராத சொல் அது. அப்படி ஓடுகிற மூளையைச் சிவப்பு வட்டம் போட்டு நிறுத்த எனக்கு மனசு வருவதில்லை.

இரண்டாம் மொழியில் எழுதுவோருக்கு இலக்கணத் திருத்தமே வேண்டாம் என்று மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். அதே துறையைச் சேர்ந்த டேனா ஃபெரிஸ் 1999இல் அதை மறுத்து எழுதினார். நான் டிரஸ்காட் அளவுக்குப் போகமாட்டேன். முதல் வரைவில் பேனாவைத் திறப்பதில்லை. இரண்டாவதில் ஒரே ஒரு வகைப் பிழையை எடுத்துக்கொள்வேன். இந்த வாரம் முற்றுப்புள்ளி என்றால் முற்றுப்புள்ளி மட்டும்.

‘குறைந்தது நூறு வார்த்தை’

எழுதுவதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்குவார்கள். ‘வெரி’ ஏழு தடவை வரும்.

பிள்ளையின் அனுமதி கேட்காமல் அதன் எழுத்தை உரக்க வாசித்துக் காட்டுவது

கேளுங்கள்.

‘குட்’ என்று மட்டும் எழுதித் திருப்பித் தருவது

நான் வருடக்கணக்கில் செய்தது. இப்போது எழுதியதற்குக் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதுகிறேன், எளிய ஆங்கிலத்தில். நாயைப் பற்றி இரண்டே வரி எழுதிய ஒரு சிறுமியின் நோட்டில் ‘இரவில் அது எங்கே தூங்கும்?’ என்று கேட்டு வைத்தேன். அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. நான் எதுவும் எழுதச் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்குக் கீழே ஒன்பது வரி, பாதிக்கு மேல் பிழை. நாய் அவளுடைய பள்ளிப் பையின்மேல் தூங்குமாம். வீட்டுப்பாடம் ஏன் கசங்கியிருந்தது என்பதும் அதில்தான் தெரிந்தது.