மலைப்பாதையில் ஃபோனும் நாம் பண்ணும் தப்புகளும்

"டவர் இல்லை, யாரைக் கூப்பிடுவது?" என்று ஃபோனைப் பையில் போட்டுவிடுவதுதான் நீலகிரி மலைப்பாதைகளில் சகஜமாக நடக்கும் தப்பு. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் வேறு எந்த கம்பெனியின் டவர் எட்டினாலும் அவசர உதவி எண் 112 அதன் வழியாகப் போகும், லாக் போட்ட ஃபோனிலிருந்தும் போகும். சொந்த டவர் இருந்தால் நேராக 108, இல்லையா, 112. எந்த டவருமே எட்டாத பள்ளம் என்றால் அதுவும் போகாது. மேட்டுக்கு ஏறித்தான் பார்க்க வேண்டும்.

சரி, லைன் கிடைத்துவிட்டது. பதற்றத்தில் "குன்னூர் ரோட்டில் கார் கவிழ்ந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஆம்புலன்ஸ்காரர் எங்கே போய்த் தேடுவார்? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36, வளைவுகளில் எண் போட்ட பலகை இருக்கிறது. "9-வது வளைவு தாண்டி, ஏறுகிற பக்கம்" என்று சொன்னால் போதும், நேராக வந்துவிடுவார்கள். போகும்போதே பலகையைப் பார்த்துக்கொண்டு போகிற பழக்கம் நல்லது, ஓட்டுகிறவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர்.

கல்லட்டி என்றதும் இன்னொன்று. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப் அதைத்தான் குறுக்கு வழியாகக் காட்டும், ஆனால் செங்குத்தான இறக்கம், வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடமாட்டார்கள். கூடலூர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். மேப் சொல்லிவிட்டது என்று செக்போஸ்டில் சண்டை போடாதீர்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், டவர் தேடித் தேடி இன்னும் இறங்கும். டவர் இல்லாத இடத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், ஊரிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்திருந்தால்.

முதுமலையில் யானையைப் பார்த்ததும் வண்டியை விட்டு இறங்கி செல்ஃபி எடுப்பவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை, இறங்காதீர்கள்.

மழைக்காலத்தில் போன வருஷத்து மண்சரிவு வீடியோவை "இப்போ நடந்தது" என்று குரூப்பில் தள்ளிவிடுவதும் இதே ரகம்தான்.

விபத்தைப் பார்த்தும் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று நழுவுகிறவர்கள் நிறைய. அந்தப் பயமே வேண்டாம், உதவியவர் பெயர், முகவரி சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமில்லை. கூப்பிட்டுச் சொன்ன பிறகும் கையில் ஃபோன் இருந்தால் வீடியோ வேண்டாம், டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஒருவர் மேல் வளைவிலும் ஒருவர் கீழ் வளைவிலும் நில்லுங்கள், பனிமூட்டத்தில் அடுத்து வருகிற பஸ்ஸுக்கு வளைவுக்கு அந்தப்பக்கம் எதுவுமே தெரியாது.