லொகேஷனை அணைத்தால் மட்டும் போதாது: மெட்டு ஏறி இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று ஏதாவது ஒரு மெட்டு (மலைக்கணவாய்) வழியாக ஏறி, கேரளப் பக்கம் வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டுச் சாயங்காலம் திரும்பும். ஒரே நாளில் இரண்டு மாநிலம், இரண்டு பக்கத்து டவர். இப்படிப் போய்வருகிற ஒருவரின் போன் ஒரு வாரமாக எங்கெங்கே இருந்தது என்பது யார் கைக்காவது கிடைத்தால் போதும். வீடு எது, ஜீப் ஏறும் இடம் எது, எந்தத் தோட்டம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை வீட்டில் ஆள் இருக்காது, எல்லாமே தெரிந்துவிடும்.

இதற்கு நம் ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். திரையை மேலிருந்து இழுத்து லொகேஷன் பொத்தானை அணைப்பது. "ஆஃப் பண்ணிட்டேன், இனி யாருக்கும் தெரியாது" என்று நிம்மதியாகிவிடுவார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்த நிம்மதியிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில், சாட்டிலைட் நம்மைப் பார்ப்பதில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தங்கள் இடத்தையும் சொல்லும் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போன் தானே கணக்குப் போட்டு, தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். போன் மேலே எதையும் அனுப்புவதில்லை. அப்படிக் கண்டுபிடித்த இடத்தை வெளியே கொண்டுபோவது போனுக்குள் இருக்கும் ஆப்புகள், நம் டேட்டாவிலேயே. ஆகவே கேட்க வேண்டியது ஜிபிஎஸ் ஓடுகிறதா என்பதல்ல, எந்த ஆப்புக்கு அதைக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான்.

லொகேஷனை அணைத்தாலும் சிம் கம்பெனிக்கு நீங்கள் எந்த டவரில் இருக்கிறீர்கள் என்று தெரியும். தெரியாவிட்டால் அழைப்பே வராது. லோயர் கேம்ப்பிலிருந்து வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கேரள டவர் பிடித்துக்கொள்வதும் அப்படித்தான். அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம விதியையே மாற்றியது. செட்டிங்ஸில் எதைத் தட்டியும் இதை நிறுத்த முடியாது. முடியாததைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்காமல் முடிகிறதைப் பார்ப்போம்.

அந்த லொகேஷன் பொத்தான் வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி. அணைத்தால் எல்லாம் நிற்கும். திரும்பப் போட்டதும் எதெது ஓடிக்கொண்டிருந்ததோ அதெல்லாம் அப்படியே ஓடத் தொடங்கும். ஜிபே திறக்கவோ மேப் பார்க்கவோ ஆட்டோ புக் பண்ணவோ மறுநாளே அதைப் போடத்தான் போகிறோம். போட்ட அந்த நொடியில், என்றைக்கோ அனுமதி வாங்கிய ஆப்புகளெல்லாம் விழித்துக்கொள்ளும். அனுமதிகளைத் தனித்தனியாகக் குறைக்காமல் மெயினை மட்டும் அணைத்து அணைத்துப் போடுவதில் பிரயோஜனம் இல்லை.

தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அக்காவின் போனைத் திறந்து பார்த்தோம். செட்டிங்ஸ், லொகேஷன், ஆப் லொகேஷன் பெர்மிஷன்ஸ். 'அலோ ஆல் த டைம்' என்ற தலைப்பின் கீழே வரிசையாக நின்றவை: ஒரு டார்ச் ஆப், தினசரிக் காலண்டர் ஆப், வானிலை, ஒரு கடன் ஆப், போட்டோவுக்குச் சட்டம் போடும் ஆப்.

"டார்ச்சுக்கு எதுக்குக்கா லொகேஷன்?"

"யாருக்குத் தெரியும் தம்பி. இருட்டுல ஜீப்புக்குப் போறதுக்கு ஏத்துனேன். என்னமோ கேட்டுச்சு, சரின்னு தட்டிட்டேன்."

எல்லோரும் அப்படித்தான் தட்டுகிறோம். டார்ச் ஆப் என்றால் சிரிக்க வேண்டாம். பல கோடிப் பேர் ஏற்றியிருந்த ஒரு டார்ச் ஆப், பயனர்களின் இருப்பிடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விளம்பரக் கம்பெனிகளுக்குக் கொடுத்ததாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே 2013 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தது. இத்தனைக்கும் திரையை இழுத்தால் போனிலேயே டார்ச் இருக்கிறது. அக்கா அந்த ஆப்பை அங்கேயே நீக்கிவிட்டார்.

மற்றவற்றுக்கு ஒரே விதிதான்: 'அலோ ஆல் த டைம்' கிட்டத்தட்ட எந்த ஆப்புக்கும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதலே 'ஒன்லி ஒய்ல் யூசிங் த ஆப்' என்ற தேர்வு இருக்கிறது. மேப், யுபிஐ, ஆட்டோ ஆப்புகளுக்கு அதுவே தாராளம். ஒருமுறை மட்டும் தேவைப்படுவதற்கு 'ஒன்லி திஸ் டைம்'. காலண்டருக்கும் போட்டோ ஆப்புக்கும் 'டோன்ட் அலோ'. அணைத்ததால் ஏதாவது வேலை நின்றால் ஆப்பே திரும்பக் கேட்கும், அப்போது யோசித்துக்கொள்ளலாம். ஐபோனில் இதே பட்டியல் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் லொகேஷன் சர்வீசஸ் என்ற பெயரில் இருக்கும்.

வானிலை ஆப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பத்தில் வெயில் கொளுத்தும்போது குமுளியில் சாரல் விழும், ஆகவே ஊர் தெரிந்தால்தான் அந்த ஆப்பால் பயன். ஆனால் ஊர் தெரிந்தால் போதும், நம் வீட்டு வாசல் அதற்கு எதற்கு? 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் 'யூஸ் ப்ரிசைஸ் லொகேஷன்' என்ற பொத்தான் ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக உண்டு. அதை அணைத்தால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தோராயமான இடம்தான் ஆப்புக்குப் போகும். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் இதே வசதி. செய்தி, வானிலை, ஷாப்பிங் ஆப்புகளுக்கெல்லாம் இந்தத் தோராயமே போதும்.

பட்டியலில் எனக்குக் கோபம் வந்தது கடன் ஆப்பைப் பார்த்துத்தான். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் ஆப்புகள் போனில் உள்ள காண்டாக்ட் பட்டியல், அழைப்புப் பதிவு, படங்கள் எதையும் தொடக்கூடாது. கேமரா, மைக், லொகேஷன் போன்றவற்றைக் கணக்குத் தொடங்கும் நேரத்தில் மட்டும், உங்கள் சம்மதத்தோடு, ஒரே ஒருமுறை கேட்கலாம். கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முடிந்த பிறகும் ஒரு கடன் ஆப் எந்நேரமும் இருப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால் அது கடன் வசூலுக்கு ஆள் தேடும் வேலை. அனுமதியைப் பிடுங்குங்கள். மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

கம்பெனிகளைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், நம் பக்கத்தில் லொகேஷனால் தொல்லைப்படுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் தெரிந்த மனிதர்களிடமிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். இந்தப் பகுதியைத்தான் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கார்த்திகை, மார்கழியில் குமுளிப் பாதையில் மாலை போட்டவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். வண்டிகள் பிரிந்துவிடக் கூடாது என்று வாட்ஸ்அப் குழுவில் லைவ் லொகேஷன் போடுவது நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் இருப்பவை மூன்று கால அளவு: 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். எல்லோரும் தட்டுவது எட்டை. குழுவில் டிரைவரின் நண்பர், அவர் சேர்த்துவிட்ட யாரோ, பேர் தெரியாத நம்பர் என்று நாற்பது பேர் இருப்பார்கள். நீங்கள் இருக்கும் புள்ளி அத்தனை பேர் திரையிலும் நகரும். குழுவில் போடாமல் முன்னால் போகும் வண்டிக்காரர் ஒருவருக்கு மட்டும் அனுப்பலாம். சேர்ந்ததும் 'ஸ்டாப் ஷேரிங்' தட்டலாம். எங்கெங்கே பகிர்ந்துகொண்டிருக்கிறோம் என்பதை வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் லைவ் லொகேஷன் காட்டும்.

வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரத்தில் தானே நின்றுவிடும். கூகுள் மேப்ஸில் நிற்காது. அங்கே 'நீங்கள் நிறுத்தும்வரை' என்றே ஒரு தேர்வு இருக்கிறது. கல்யாணத்துக்கு வழி காட்ட ஒருமுறை பகிர்ந்தது மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதுகூட எதிராளிக்குத் தெரியும். மேப்ஸில் உங்கள் படத்தைத் தட்டி லொகேஷன் ஷேரிங்கில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இதைவிட மறைவானது, போன் யாருடைய கணக்கில் ஓடுகிறது என்பது. நம் ஊரில் போன் வாங்கினால் கடைக்காரத் தம்பியோ மருமகனோ வீட்டுக்காரரோதான் 'செட்' பண்ணித் தருவார்கள். அவசரத்துக்கு அவர்களுடைய ஜிமெயிலைப் போட்டிருப்பார்கள், அல்லது புதிதாக ஒன்று உருவாக்கிப் பாஸ்வேர்டைத் தாங்களே வைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர், தொலைந்த போனைத் தேடுவதற்கான கூகுளின் ஃபைண்ட் ஹப்பைத் திறந்தால், போன் தோட்டத்தில் இருக்கிறதா, குமுளி பஸ் ஸ்டாண்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆப் அனுமதிகளை எவ்வளவு சரிசெய்தாலும் இது அடைபடாது. செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய், அங்கே இருப்பது உங்கள் கணக்குதானா என்று பாருங்கள். உங்களுடையதுதான் என்றாலும் பாஸ்வேர்டை ஒருமுறை மாற்றிவிடுங்கள். வீட்டில் பயம் உள்ள பெண்கள் மட்டும் சட்டென்று மாற்றாமல், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு, பாதுகாப்பான இடத்திலிருந்து மாற்றுவது நல்லது. திடீரென்று கண்காணிப்பு நின்றுபோனால் எதிராளிக்கு அது தெரிந்துவிடும்.

ஆள் கூட்டிப்போகிறவர் எல்லோரும் லைவ் லொகேஷன் போட்டே ஆகவேண்டும் என்றால்? வேலை நேரத்தில், வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒருவர் போட்டால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். ஜாமீனில் வந்தவர் கூகுள் மேப்பில் தன் இடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையையே, அது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை இருக்கிறது என்றால் ஏலக்காய் எடுக்கப் போகிறவருக்கு இல்லாமல் போகுமா?

போட்டோ விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கேமராவுக்கு லொகேஷன் கொடுத்திருந்தால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த இடம் எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். தெளிவு குறையக்கூடாது என்று 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் உதிராது. பழைய வண்டியையோ வீட்டுச் சாமானையோ விற்கப் படம் அனுப்பும்போது இதில் கவனம் வேண்டும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேகை அணைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

போன பயணங்களின் பதிவு தனிக்கதை. மேப்ஸில் உள்ள டைம்லைன் இப்போது போனிலேயே சேமிக்கப்படுகிறது, அங்கேயே அழிக்கலாம். அதை அணைத்தவர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஆனால் கூகுள் கணக்கில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' என்று இன்னொன்று இருக்கிறது. நீங்கள் தேடும்போது எந்தப் பகுதியில் இருந்தீர்கள் என்பது அதிலும் பதியும். ஒன்றை அணைத்தும் மற்றது பதிந்துகொண்டிருந்தது 2018-இல் வெளியே வந்து, கடைசியில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39 கோடியே 15 லட்சம் டாலர் கொடுக்க கூகுள் ஒப்புக்கொண்டது. இரண்டையும் பாருங்கள். முழுக்க அணைக்க மனமில்லை என்றால் 3 மாதத்தில் தானே அழியும்படியாவது வையுங்கள்.

விபிஎன் போட்டால் இடம் தெரியாது என்று யூடியூபில் சொல்வதை நம்பி இலவச விபிஎன் ஏற்றுவது இன்னொரு வீண்வேலை. அது இணையத்தில் போனுக்கு உள்ள ஐபி முகவரியைத்தான் மறைக்கும், அனுமதி வாங்கிய ஆப்புக்கு ஜிபிஎஸ் இடம் அப்படியே போகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைப்பதும் தவறுதான். ஜீப்பில் போன் விழுந்துவிட்டால் தேடித்தர ஃபைண்ட் ஹப் வேண்டும், அதற்கு லொகேஷன் இயங்க வேண்டும். அவசரத்துக்கு 112 இரு மாநிலத்திலும் ஒரே எண்தான். ஆனால் மெட்டில் நின்று கூப்பிட்டால், அழைப்பை எடுத்த டவர் எந்த மாநிலத்துடையதோ பொதுவாக அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். மலையாளத்தில் பேச்சு வந்தால் தப்பான எண் என்று வைத்துவிட வேண்டாம். முதலில் தமிழ்நாட்டுப் பக்கமா கேரளப் பக்கமா என்று சொல்லுங்கள். பிறகு எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு, பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது, குமுளிப் பாதை என்றால் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் குழாய்களுக்கு மேலேயா கீழேயா என்று சொல்லுங்கள். மேப்ஸில் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் வரும் எண்களைப் படித்துக்காட்டினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.