மிட்டாய் கேமுக்கு நியாயமாக ரிவியூ எழுதுவது எப்படி?

மிட்டாய் கேம், லூடோ மாதிரி சும்மா இருக்கும் நேரத்தில் சில நிமிடம் ஆடுகிற ‘கேஷுவல் கேம்’களின் ரிவியூ கோணலாகப் போவதற்குப் பல நேரம் காசும் காரணமில்லை, பொய்யும் காரணமில்லை. ஆடுகிறவர் ஒருத்தர், எழுதுகிறவர் வேறொருத்தர். ராத்திரி முழுக்கத் துப்பாக்கி கேம் ஆடும் தம்பி, மதியச் சமையலை முடித்துவிட்டு உட்காரும் அக்காவுக்கான கேமை ‘மொக்கை’ என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ரிவியூ அக்காவுக்கு உதவாது.

முதலில் இரண்டு வரி

கேமைத் திறக்கும் முன்பே நோட்டில் எழுதுங்கள்: யார், எங்கே, எத்தனை நிமிடம் ஆடுவார்? ‘நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கிவிட்டு முறைக்குக் காத்திருப்பவர், வெயில், ஒரு கையில் போன், 10 நிமிடம்’ என்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். ‘எல்லாருக்கும்’ என்று எழுதினால் அடுத்த படி எதுவுமே நகராது. கீழே உங்களைப் பற்றி ஒரு வரி: வழக்கமாக என்ன ஆடுவீர்கள், இந்த வகையில் எத்தனை கேம் முடித்திருக்கிறீர்கள். இரண்டு வரியும் ரிவியூவின் தொடக்கத்தில் அப்படியே வர வேண்டும்.

போன்

உங்கள் விலை உயர்ந்த போனை ஓரம் வையுங்கள். வீட்டில் இருக்கும் 3 அல்லது 4 ஜிபி ரேம் போன் போதும். சத்தத்தை அணைத்து ஒரு தடவை, ஃப்ளைட் மோடில் ஒரு தடவை, நல்ல வெயிலில் ஒரு தடவை ஆடிப் பாருங்கள். தமிழ் இருந்தால் தமிழுக்கு மாற்றுங்கள். ‘தொடர்க’ என்பது பொத்தானுக்குள் அடங்காமல் ‘தொட…’ என்று வெட்டுப்பட்டு நிற்கிறதா? அதையும் எழுதுங்கள். பெரிய ரிவியூக்களில் பெரும்பாலும் இது வராது.

ஏழு நாள், மூன்று வேளை

ஆரம்பத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரே ராத்திரியில் நான்கு மணி நேரம் ஆடிவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவார்கள். 2012இல் வந்த கேண்டி க்ரஷ் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 5 உயிர், போன உயிர் ஒன்று திரும்பி வர 30 நிமிடம், ஐந்தும் போனால் முழுதாக நிரம்ப இரண்டரை மணி நேரம். ஒரே மூச்சில் ஆடுகிறவருக்கு இது காசு பிடுங்கும் வேலையாகத் தெரியும். காலையில் பத்து நிமிடம், நாலு மணிக் காபியோடு பத்து நிமிடம் என்று ஆடுகிறவருக்கு அப்படி ஒரு கடிகாரம் ஓடுவதே தெரியாமல் போகலாம்.

அதனால் 7 நாள், நாளுக்கு 3 வேளை, வேளைக்கு 10 நிமிடம். இந்தக் கணக்கிலும் கேம் உங்களைத் தடுத்தால் அது நிஜமான குறை; தயங்காமல் எழுதலாம். முதல் மூன்று நாள் காசு எதுவும் போடாதீர்கள். விளம்பரத்தை நொடியில் குறியுங்கள்: 20 நிமிடத்தில் 30 நொடி விளம்பரம் 8 வந்தால் 4 நிமிடம் போய்விட்டது, ஐந்தில் ஒரு பங்கு. ‘விளம்பரத் தொல்லை’ என்பதைவிட அந்த எண் ஆயிரம் மடங்கு பேசும்.

மூன்று பேரிடம் கொடுங்கள்

கேம் யாருக்கோ அவர்களில் மூன்று பேர், தனித்தனியாக. சேர்த்து உட்கார வைத்தால் முதலில் பேசுகிறவர் சொன்னதையே மற்ற இருவரும் சொல்வார்கள். போனைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுத்த நிமிடமே சோதனை வீண்.

‘நல்லா இருக்காம்மா?’ என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் அதற்கு ஒரே பதில்தான்: ‘நல்லாத்தான் இருக்கு தம்பி.’ அது மரியாதை, கருத்து இல்லை. ‘இப்ப என்ன செய்யணும்னு நெனச்சீங்க?’ என்று கேளுங்கள். கட்டைவிரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.

தாயம் ஆடிப் பழகிய ஒருவர் கையில் லூடோவைக் கொடுத்தால், ஒன்று விழுந்ததும் காயைத் தொடுவார். தாயம் விழுந்தாயிற்றே, காய் இறங்க வேண்டாமா? லூடோவில் பொதுவாக ஆறு விழ வேண்டும். அவர் விவரம் தெரியாதவர் இல்லை. வேறு விதி தெரிந்தவர். கேம் அதை ஒரு வரியில் சொல்லாமல் விட்டது கேமின் குறை. நீங்கள் தனியாக ஆடினால் இது கண்ணில் படவே படாது.

ஸ்டாரைப் பிரித்துப் படியுங்கள்

பிளே ஸ்டோரில் சராசரி ஸ்டார் 3.0 என்றால் கேம் சுமார் என்று அர்த்தமில்லை. 50 பேர் ஐந்தும் 50 பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி 3.0தான். பிடித்தவரும் கடுப்பானவரும் எழுதுவார்கள். நடுவில் இருப்பவர் பேசாமல் போய்விடுவார். ஜெயித்த கையோடு ‘ஸ்டார் கொடுங்கள்’ என்று கேட்கும் கேமும் உண்டு; எந்தத் தருணத்தில் கேட்கிறது என்று குறித்துவையுங்கள். பிளே ஸ்டோர் 2021 நவம்பரிலிருந்து அந்தந்த நாட்டுக்காரர்கள் போட்ட மதிப்பீட்டையே காட்டுகிறது. ஆகவே அமெரிக்க ரிவியூவில் வரும் ஸ்டாரோடு உங்கள் திரையில் தெரிவதை ஒப்பிட வேண்டாம். 2, 3 ஸ்டார் கருத்துகளை முதலில் படியுங்கள். சரக்கு அங்கேதான் இருக்கும்.

எழுதும்போது

‘வேலையில்லாதவர்களுக்கு’, ‘பொம்பளைங்க கேம்’, ‘இதெல்லாம் ஒரு கேமா’ மூன்றையும் அடித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் அதே வரியைக் கிரிக்கெட் கேமுக்கு எழுதிப் பாருங்கள். அங்கே எழுதக் கை வராது என்றால் இங்கேயும் வேண்டாம்.

அதற்காகக் கம்பெனிக்குச் சலுகை காட்ட வேண்டியதில்லை. ஆடுகிறவருக்கு நியாயம் வேறு, விற்கிறவருக்குத் தாட்சண்யம் வேறு. மூடும் குறியைக் கடுகளவு வைத்து, ‘வாங்கு’ பொத்தானைத் தாம்பாளமாக வைத்திருந்தால் படத்தோடு போடுங்கள். கம்பெனி இலவசமாகக் காயின் கொடுத்திருந்தால் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள், கடைசியில் பொடி எழுத்தில் இல்லை.

மதிப்பெண் ஒன்றாக வேண்டாம், இரண்டாகப் போடுங்கள்: மேலே எழுதிய அந்த ஆளுக்கு எத்தனை, உங்களுக்கு எத்தனை. பக்கத்திலேயே கேமின் வெர்ஷன் எண்ணும் ஆடிய தேதியும். அடுத்த அப்டேட்டில் விளம்பரம் இரட்டிப்பானால் எண்ணைத் திருத்த அது வேண்டும்.