கெர்னல் திரெட் ஹேங் ஆனால் எங்கிருந்து தேடுவது

நான் எழுதிய ஒரு லினக்ஸ் மாட்யூலில் திரெட் தூங்கப் போனது, எழவே இல்லை. அதைப் பிடித்த வழி இது. கெர்னல் கம்பைல் செய்வதும் மாட்யூல் ஏற்றுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், நிஜ மெஷினில் இதைச் செய்ய வேண்டாம், மெஷினையே மென்பொருளில் ஓட்டும் கியூஎமு (QEMU) போதும். ஹேங்கின் தடயம் மெமரியில்தான் இருக்கும். ஐப்பசி மழையில் கோத்தகிரியில் கரண்ட் போனால் அதுவும் போச்சு. அதனால் சீரியல் கன்சோலை ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். சிபியு குறைந்தது 2 கொடுங்கள். கான்ஃபிகில் லாக்டெப் (லாக் எடுக்கும் வரிசையைச் சோதிப்பது), ஹங் டாஸ்க் டிடெக்டர் (நெடுநேரம் தடைபட்ட டாஸ்க்கைச் சொல்வது) இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

அடுத்து, திரெட் சுற்றுகிறதா, தூங்குகிறதா? ஒரு சிபியு 20 விநாடிக்கு மேல் யாருக்கும் வழிவிடாமல் நின்றால் சாஃப்ட் லாக்கப் செய்தி வரும். அது சுற்றல். சிஸ்ரெக் (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் SysRq கீ) 'எல்' (l) அடித்தால் எந்த ஃபங்ஷனில் சுற்றுகிறது என்று தெரியும். 120 விநாடிக்கு மேல் தடைபட்டதாகச் செய்தி வந்தால் 'டி' (D) நிலைத் தூக்கம், அதாவது சிக்னலால் எழுப்ப முடியாதது. அப்படித் தடைபட்டவற்றைப் பட்டியலிட சிஸ்ரெக் 'டபிள்யூ' (w). இரண்டு லாக் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட கதை என்றால் பெரும்பாலும் லாக்டெப்பே சொல்லிவிடும்.

எந்த லாக்கும் இல்லாமல் தூங்குகிறதா? இங்கேதான் நேரம் போகும். திரெட் 'வேலை வந்ததா' என்று பார்க்கிறது, வரவில்லை. தன் நிலையைத் தூக்கம் என்று மாற்றுவதற்குள், இன்னொரு சிபியு வேலையைப் போட்டு எழுப்பிவிடுகிறது. திரெட் இன்னும் விழித்திருப்பதால் அந்த எழுப்பலுக்குப் பலனில்லை. அதற்குப் பிறகு நிலையை மாற்றி, சிபியுவை விட்டுக்கொடுக்கும் ஷெட்யூலை அழைக்கிறது, அவ்வளவுதான், இனி எழுப்ப யாருமில்லை. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நீங்கள் கண் திறந்திருப்பதைப் பார்த்து, தெரிந்திருக்கும் என்று கண்டக்டர் நகர்ந்துவிட, நீங்கள் அப்புறம் கண்ணயர்ந்து, இறங்க வேண்டிய குஞ்சப்பனையைத் தாண்டிப் போவது மாதிரி.

தீர்வு: முதலில் நிலையை மாற்றுங்கள், பிறகு நிபந்தனையைப் பாருங்கள், அப்புறம் ஷெட்யூல். நடுவில் யாராவது எழுப்பினால் நிலை மறுபடி 'ரன்னிங்' ஆகிவிடும், தூக்கம் பிடிக்காது. என்னைக் கேட்டால் இதைக் கையால் எழுதவே வேண்டாம், வெயிட்-ஈவென்ட் மேக்ரோ இதைத்தான் செய்கிறது.

பிரிண்ட்கே (கெர்னல் லாகில் செய்தி எழுதும் printk) போட்டுத் தேடுவதும் எனக்குப் பிடிக்காது. அது எடுக்கும் நேரத்திலேயே ரேஸ், அதாவது இந்த முந்திப்பிந்தும் சிக்கல், ஒளிந்துகொள்ளும். கெர்னலின் நடப்பைப் பதிவு செய்யும் எஃப்டிரேஸில் ஷெட்-ஸ்விட்ச் (திரெட் மாறுவது), ஷெட்-வேக்கப் (எழுப்புவது) இரண்டையும் ஆன் செய்து யார் எப்போது யாரை எழுப்பினார்கள் என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: குன்னூரிலிருந்து ஒரு மாணவர், 'டபிள்யூ' அடித்தால் தன் திரெட் பட்டியலிலேயே வரவில்லை என்றார். அவர் சிக்னலாலும் எழுப்பக்கூடிய இன்டரப்டிபிள் தூக்கம் போட்டிருந்தார், அது 'எஸ்' (S) நிலை. ஹங் டாஸ்க் டிடெக்டரும் அதைக் கண்டுகொள்ளாது. 'டி' (D) நிலையோடு குழம்பாமல், சிஸ்ரெக்கில் எல்லா டாஸ்க்குகளையும் கொட்டும் 'டீ' (t) அடியுங்கள். இல்லையென்றால் ரூட்டாக இருந்து ப்ராக்கில் (/proc) அந்தத் திரெட்டின் ஸ்டாக் ஃபைலைப் படியுங்கள்.

சரி செய்தது உண்மையிலேயே சரியா என்று பார்க்க, நிபந்தனையைப் பார்க்கும் இடத்துக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஒரு எம்டிலே (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் mdelay) போடுங்கள். பழைய கோடு சட்டென்று ஹேங் ஆக வேண்டும், புதியது ஆகக் கூடாது. எம்ஸ்லீப் (தூங்கிக் காத்திருக்கும் msleep) போடாதீர்கள், அது திரெட்டின் நிலையையே மாற்றிவிடும்.