சீன மின்கார் வாங்குமுன் வீட்டு மீற்றரைப் பாருங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டதும், இலங்கைக் காட்சியறைகளில் சீன மின்கார்கள் வரிசைகட்டிவிட்டன. நிறம் தெரிவு செய்வதெல்லாம் பிறகு. முற்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பெரும்பாலான வீடுகளுக்கு 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்புத்தான். காரோடு தரும் 7 கிலோவாட் சுவர் சார்ஜர் தனியாகவே 32 அம்பியர் இழுக்கும். கூடவே ஏசியும் தண்ணீர் மோட்டாரும் ஓடினால் மெயின் பிறேக்கர் விழும். விழாமல் இருந்தால் இன்னும் ஆபத்து: இறுக்கம் குறைந்த முனைகளில் வயர் கருகும். சார்ஜரின் அமைப்பில் அம்பியரை 16-க்குக் குறையுங்கள். கிடைப்பது 3.7 கிலோவாட், 50 கிலோவாட்-மணி பற்றரியில் பாதியை நிரப்ப ஏழெட்டு மணித்தியாலம். இரவு முழுக்க நிற்கும் காருக்கு அது தாராளம்.

த்ரீ பேஸ் எடுத்தால் எல்லாம் தீரும் என்பார்கள். பாதி உண்மை. காருக்குள் இருக்கும் சார்ஜர் சிங்கிள் பேஸ் என்றால் அது ஒரு பேஸிலிருந்து மட்டுமே இழுக்கும், அந்தப் பேஸிலும் இருப்பது 30 அம்பியர்தான். வீட்டின் மற்றச் சுமைகளை மற்ற இரண்டு பேஸுக்கும் மாற்றி, சார்ஜரை 24 அம்பியரில் வைத்தால் பயன் உண்டு. 11 கிலோவாட் வேண்டுமானால் காரே மூன்று பேஸில் ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

வயரிங்: போர்டிலிருந்து தனி லைன், 32 அம்பியருக்கு 6 சதுர மி.மீ. செப்பு வயர், 16 அம்பியருக்கு 4 போதும். எலெக்ட்ரீஷியன்கள் அதிகம் தவறவிடுவது ட்ரிப் சுவிட்சை. வீடுகளில் வழக்கமாக இருப்பது 'ஏசி' (AC) வகை, மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணர்வது. கார் சார்ஜரிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் அதன் உள்ளகம் காந்தத்தால் நிறைந்து செயலற்றுப் போகும். பிறகு யாருக்காவது ஷாக் அடித்தாலும் அது விழாமல் போகலாம். எனவே சார்ஜர் லைனை வீட்டு ட்ரிப்புக்கு முன்பிருந்தே பிரித்தெடுத்து, 30 மில்லி அம்பியர் 'ஏ' (A) வகை ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். சார்ஜருக்குள் 6 மில்லி அம்பியர் நேர்மின் கசிவு உணரி இருக்க வேண்டும். இல்லையென்றால் நேர்மின் கசிவையும் தானே உணரும் 'பி' (B) வகை. விலை கூடத்தான், வேறு வழியில்லை.

சிவப்பு விளக்கு எரிந்து சார்ஜ் ஏற மறுத்தால் காரைக் குறை சொல்லுமுன் எர்த்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கோடை காய்ந்ததும் எர்த் தடை ஏறிவிடும். இன்னொரு கம்பி இறக்கி, இரண்டையும் இணைப்பதே பெரும்பாலும் தீர்வு. 13 அம்பியர் சதுர பிளக்கில் தினமும் ஏற்றாதீர்கள். மணிக்கணக்காகத் தொடர்ந்து ஓடும் சுமைக்கு அது செய்யப்பட்டதல்ல. நீல நிறத் தொழிற்சாலை சொக்கெட் 16 அம்பியரைத் தாங்கும்.

அடுத்தது காகிதங்கள். மின்காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட் கணக்கில் விழுகிறது. அறிவித்த திறன் உண்மையா என்ற ஐயத்தில் 2025-இல் சுங்கம் நூற்றுக்கணக்கான மின்கார்களைத் தடுத்து வைத்தது. ஆகவே சுங்கப் பிரகடனம், உற்பத்தியாளர் சான்றிதழ், வாகனத் தகடு மூன்றிலும் ஒரே கிலோவாட் இருக்கிறதா என்று பாருங்கள். அடிச்சட்ட இலக்கத்தின் 10ஆவது எழுத்தில் ஆண்டு இருக்கும்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) 2025, டி (T) 2026. சீனத் தயாரிப்பு 'எல்' (L) எழுத்தில் தொடங்கும்.

ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டால், எந்த முறையில் அளந்தது என்றும் கேளுங்கள். 60.48 கிலோவாட்-மணி பற்றரி கொண்ட பிவைடி அட்டோ 3-க்கு சீனாவின் சிஎல்டிசி முறையில் 510, ஐரோப்பாவின் பழைய முறையான என்இடிசியில் 480, அதற்குப் பின் வந்த டபிள்யூஎல்டிபியில் 420 கி.மீ. சாலைக்கு நெருக்கமானது கடைசி எண்தான். அதிலும் ஏசிக்கும் வேகத்துக்கும் கொஞ்சம் கழியுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கி.மீ. வழியில் ஒரு முறையாவது நின்று ஏற்றுவதாகத் திட்டமிடுங்கள்.

முகவரல்லாதவர் இறக்கிய கார் மலிவாகக் கிடைத்தால் மூன்று கேள்விகள்: பற்றரி உத்தரவாதத்தை உள்ளூர் முகவர் ஏற்பாரா? கைபேசிச் செயலி இங்கே வேலை செய்யுமா? காரின் சார்ஜ் சொக்கெட் ஐரோப்பிய வகையான சிசிஎஸ்2-ஆ (CCS2)? சீனாவின் ஜிபி/டி (GB/T) வகை வாய் என்றால் வீட்டு சார்ஜருக்கு அடாப்டர் கிடைக்கும், வேகச் சார்ஜுக்கு அடாப்டரை நம்பி வாங்காதீர்கள்.

பற்றரி எல்எஃப்பி (LFP, லித்தியம் இரும்பு பொஸ்பேற்) வகையா என்றும் கேட்டு வையுங்கள். அப்படியென்றால் வாரத்துக்கு ஒருமுறையாவது 100 சதவீதம் ஏற்றுங்கள்; இல்லாவிட்டால் மீதிச் சார்ஜைக் காட்டும் கணக்கு பிசகி, 15 சதவீதம் காட்டிக்கொண்டே திடீரென்று இறங்கக்கூடும். மற்ற லித்தியம் வகைகளுக்கு அன்றாடம் 80 போதும்.

கார் கையில் வரும் நாளில், கையொப்பத்துக்கு முன் ஒரு வேகச் சார்ஜ் நிலையத்தில் பத்து நிமிடம் ஏற்றிப் பாருங்கள். 12 வோல்ட் சிறு பற்றரியையும் அளக்கச் சொல்லுங்கள்: மாதக்கணக்காகத் தரிப்பிடத்தில் நின்ற கார்களில் முதலில் சாவது அதுதான், அது செத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் விழிக்காது.