சமூக அறக்கட்டளை மானியம்: விண்ணப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசித் தேதியைக் கோட்டைவிடுவது, கையெழுத்து விடுபடுவது, கூட்டலில் பிசகுவது ஆகியவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை சூடுபட்டவர்கள் அவற்றைத் தாமே திருத்திக்கொள்கிறார்கள். பலர் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து ஒரு வட்டாரத்தின் தொண்டு வேலைகளுக்கு மானியம் தருவது சமூக அறக்கட்டளை. அதற்கு விண்ணப்பம் எழுதச் சிறிய தொண்டு அமைப்புகளுக்கு உதவுகிறேன். அவ்வப்போது பரிசீலனைக் குழுவில் உட்கார்ந்து பிறர் எழுதியதையும் வாசிக்கிறேன். நல்ல வேலை செய்கிறவர்களே திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு.

இருக்கிற பணமெல்லாம் நமக்குத்தான் என்று நினைப்பது

அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் மொத்தச் சொத்தைப் பார்த்ததும் புதியவர்களுக்குக் கண் விரிந்துவிடுகிறது. அந்தத் தொகை பல நன்கொடையாளர்கள் தனித்தனியாக வைத்த நிதிகளின் கூட்டு. சிலவற்றில், யாருக்குக் கொடுக்கலாம் என்று பணம் போட்டவரே பரிந்துரைப்பார். இறுதி முடிவு மட்டும் அறக்கட்டளையுடையது. சில நிதிகள் ஒரே ஓர் அமைப்புக்கென்று எழுதி வைக்கப்பட்டவை. பொது விண்ணப்பத்துக்கு வருவது பெரும்பாலும் நிபந்தனையற்ற நிதியும், கல்வி, உடல்நலம் என்று துறைக்காக ஒதுக்கிய நிதியும்தான். மூலதனத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் அதிலும் ஆண்டுக்கு ஒரு சிறு பகுதிதான் வெளியே வரும்.

1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் முதல் சமூக அறக்கட்டளையைத் தொடங்கிய பிரெடரிக் கோஃப் ஒரு வங்கியாளர். இறந்தவர்கள் உயிலில் எழுதிய நிபந்தனைகள் காலம் மாறிய பிறகும் பணத்தைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது அவரை உறுத்தியது. ஊரின் அன்றன்றைய தேவையை அறிந்த ஒரு குழு முடிவெடுக்கட்டும் என்பது அவர் செய்த ஏற்பாடு. பரிசீலனை மேசையில் இன்றும் முதலில் எழும் கேள்வி அதுவே: இந்த வட்டாரத்துக்கு, இப்போது, இது ஏன் வேண்டும்? நாடு முழுவதுக்குமான புள்ளிவிவரங்களை இரண்டு பக்கம் கொட்டுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை.

முன்கூட்டிப் பேசாதிருப்பது

மானியங்களைக் கவனிக்கும் அறக்கட்டளையின் திட்ட அலுவலருடைய தொலைபேசி எண்ணை அறிவிப்பிலேயே கொடுத்திருந்தால், அது கூப்பிடுவதற்குத்தான்.

நிர்வாகச் செலவு: 0

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். குழந்தைகளுக்கு மாலை நேர வாசிப்பு வகுப்பு நடத்தும் ஓர் அமைப்பின் செயலாளர், அனுப்புவதற்கு முன் பட்ஜெட்டை என்னிடம் காட்டினார். புத்தகங்கள், இரண்டு பகுதிநேர ஆசிரியர்களின் ஊதியம், தன்னார்வலர்களின் பயணச் செலவு. கடைசி வரியில் நிர்வாகச் செலவு என்று எழுதி எதிரே ஒரு சுழி. "ஒரு காசுகூட நமக்கென்று எடுக்கவில்லை சார், எல்லாம் குழந்தைகளுக்கே" என்றார். முகத்தில் பெருமிதம்.

ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பது யார்? வகுப்புக்கு வராத குழந்தையின் வீட்டுக்குப் போவது யார்? அரையாண்டு அறிக்கை எழுதுவது யார்? மூன்றுக்கும் ஒரே பதில்: ஒருங்கிணைப்பாளர். அவருடைய சம்பளம் எங்கிருந்து வருகிறது? வேறொரு மானியத்திலிருந்து. அந்த மானியம் வேறொரு திட்டத்துக்காகக் கொடுக்கப்பட்டது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது என்பது இதுதான்.

சொல்லிப் பார்த்தேன், சுழி அப்படியே போனது. மானியமும் கிடைத்தது. நடுவில் அந்த வேறு மானியம் முடிந்தது, ஒருங்கிணைப்பாளர் வேலையை விட்டுப் போனார். புத்தகங்கள் பிரிக்காத பெட்டிகளில் கிடந்தன. பில்லைச் சரிபார்க்க ஆளில்லாமல் ஆசிரியர்களின் ஊதியம் தள்ளிப்போனது. அறிக்கை தாமதமானதில் அறக்கட்டளைக்கும் கசப்பு. மானியம் கிடைக்காமலே இருந்திருந்தால் பழைய வகுப்பாவது ஓடியிருக்கும்.

இவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நேர்மையான அமைப்பு என்று தலையாட்டும் பரிசீலகர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அனுபவமுள்ளவர் அந்தச் சுழியைப் பார்த்ததும், இவர்களுக்குத் தங்கள் செலவே தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கணக்கு கடினமில்லை. ஒருங்கிணைப்பாளர் வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்து, அதில் இரண்டு நாள் இந்தத் திட்டத்துக்குத் தருகிறார் என்றால் அவர் சம்பளத்தில் 40 சதவீதம் இந்தத் திட்டத்தின் நேரடிச் செலவு. நிர்வாகம் என்ற தலைப்புக்கு அது போகவே வேண்டியதில்லை. அடுத்து வாடகை, மின்சாரம், கணக்கு எழுதுவது, தணிக்கை, காப்பீடு ஆகிய பொதுச் செலவுகள். ஊழியர்களின் மொத்த நேரத்தில் கால் பங்கை இத்திட்டம் எடுத்துக்கொண்டால் இவற்றிலும் கால் பங்கு இதன் தலையில் விழும். எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்று பட்ஜெட் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள்.

நிர்வாகச் செலவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அறக்கட்டளை வரம்பு வைத்திருந்தால், எதையெல்லாம் நிர்வாகம் என்கிறார்கள் என்று முதலில் படியுங்கள். மீதி எங்கிருந்து வரும் என்பதை வரவுப் பகுதியில் காட்டுங்கள். வரவே இல்லையா? திட்டத்தைச் சுருக்குங்கள். 60 குழந்தைகள் என்று எழுதிவிட்டுத் தடுமாறுவதைவிட 40 பேருக்கு ஒழுங்காக நடத்தலாம்.

பழைய விண்ணப்பத்தில் பெயரை மட்டும் மாற்றுவது

நான்காம் பக்கத்தில் இன்னோர் அறக்கட்டளையின் பெயர் பல்லிளிக்கும்.

நடத்தியதைப் பலன் என்று எழுதுவது

'20 பயிலரங்குகள் நடத்தினோம்' என்பது நீங்கள் செய்த வேலை. வந்தவர்களிடம் என்ன மாறியது, அதை எப்படி அறிந்தீர்கள்? தொடக்கத்தில் ஒரு பக்கத்தைத் திக்கித் திக்கி வாசித்த குழந்தை ஆண்டு முடிவில் எப்படி வாசிக்கிறது என்று குறித்து வைத்தால் போதும். தொடக்க நிலையைப் பதிவு செய்ய மறந்தவர்கள், இறுதி அறிக்கை எழுதும்போது கையைப் பிசைகிறார்கள்.

மானியம் முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?

'வேறு மானியம் தேடுவோம்' என்பது பதிலாகாது.

கேட்காமல் செலவை மாற்றுவது

புத்தகத்துக்கென்று வாங்கிய பணத்தில் கணினி வாங்க வேண்டிய நிலை உண்மையிலேயே வரலாம். வாங்குவதற்கு முன் காரணத்தைச் சொல்லி எழுத்தில் அனுமதி கேளுங்கள். நியாயமான மாற்றத்தை அலுவலர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. வாங்கிய பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சொன்னால், அதே அலுவலர் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.